தண்ணீரைப் பழிப்பவள்

"தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்று
சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்
தபாலாபீசில் ஓய்வுபெற்ற குஞ்சிதபாதம்.
அவர் சொன்னதில் தப்பில்லை.
நாளொன்றுக்கு இருநூறு ரூபாய்க்குத்
தண்ணீரைப் பழிப்பதுதான்
இப்போதைக்கு என் வேலை.

குடமுருட்டியில் நுரையும் செத்தையுமாக
இந்த வருஷத்து முதல் தண்ணீர் வந்தது திங்களன்று.
வியாழனுக்குள் கீழத்தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.
ஒன்றுக்கு மன்னார்குடியில் குளுக்கோஸ் ஏறுகிறது.
வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீசிலிருந்து
முட்டை அட்டையில் அடுக்கிய முப்பது புட்டிகள்
என் மடிக்கு வந்துசேர்ந்தன.

கட்டைவிரல் உயரம்தான்.
அடியில் மருந்தில் தோய்ந்து காய்ந்த ஒரு காகிதத் துண்டு.
கோடு வரை நிரப்ப வேண்டும்.
மூடியின் உட்புறத்தை விரல் தொடக் கூடாது.
பெயர் வேண்டாம், கதவு எண் போதும் என்றார்கள்.
எண்ணைச் சொன்னால் பெயர் தெரியாத ஊரா இது?

குழாயை ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்தேன்.
"வீணாப் போவுதே" என்று அடியில் குண்டானை நகர்த்தினாள் ஒருத்தி.
"நெறமும் இல்ல, வாடையும் இல்ல,
இதுல என்னத்தப் பாக்கப்போற?"
நிறமும் வாடையும் இல்லாததைத்தான், அக்கா.

ஏழாம் நம்பரில் தையல்நாயகி
என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டுப்
புட்டியை உள்ளே வாங்கிப் போனாள்.
அவள் மகளுக்கு வரும் புதன்கிழமை நிச்சயதார்த்தம்.
குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.
கேட்டதெல்லாம்
கேனைச் சாய்க்கும் குளுக் குளுக்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஏழு என்று எழுதி
பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன்.

ராத்திரி மழை. கரண்ட் இல்லை.
புட்டிகளுக்கு உடம்புச் சூடு வேண்டும்.
அட்டையைப் போர்வைக்குள் இழுத்து
வயிற்றோடு அணைத்துப் படுத்தேன்,
பொரியவே கூடாத ஒன்றை அடைகாக்கும் கோழிபோல.
"குஞ்சு வந்துச்சா?" என்றார் வீட்டுக்காரர், ரெண்டு மணிக்கு.
"வராம இருக்கணும், தூங்குங்க."

மறுநாள் மாலை ஒன்பது கறுத்திருந்தன.
அடிப்பிடித்த பாலுக்குப் பிறகு
பாத்திரத்தில் நிற்குமே, அந்தக் கறுப்பு.
ஒன்றைத் திறந்தேன். கூமுட்டை நாற்றம்.
எட்டு வீடுகள் வரிசையாக,
குழாய் சாக்கடையைத் தாண்டும் மதகில் தொடங்கி.
ஒன்பதாவது மட்டும் தள்ளி, தனியாக:
ஏழு. புள்ளி வைத்த ஏழு.

நீல மூடி போட்டு
அருவிப் படம் ஒட்டி
முப்பத்தைந்து ரூபாய்க்கு வீடு தேடி வரும் தண்ணீர்.

"உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல" என்றால் பொய்.
"கேன் தண்ணி சரியில்ல" என்றால்
நீ செய்தது எனக்குத் தெரியும் என்றாகிவிடும்.
புட்டியை நீட்டிக்கொண்டு நின்றேன்.
தையல்நாயகி அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எழுவது பேருக்குக் கேன் சொல்லியிருக்கேன்" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை, நானும்.
அப்புறம் எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலையை
இரண்டு பேருமாகத் தூக்கிவந்து
அவள் கொல்லை அடுப்பில் ஏற்றினோம்.
பெரிய பெரிய குமிழ்களாகக் கொதிக்கும் வரை
விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மதகடியில் தில்லைக்கண்ணு தோண்டிப் பார்த்தார்.
குழாய் ஒட்டில் யாரோ எப்போதோ சுற்றிய சைக்கிள் டியூப்,
அதுவும் மக்கிப்போய்.
மாற்றினார். டேங்கில் மருந்து கலந்தார்.

அதற்கப்புறம் தெருவே என்னைத் திட்டியது.
காப்பியில் நாற்றமாம். ரசத்தில் நாற்றமாம்.
சுவாமி தீர்த்தத்தில்கூட நாற்றமாம்.
குஞ்சிதபாதம் நேரிலேயே வந்தார், டம்ளரோடு:
"குடிச்சுப் பாரு, இதா நல்ல தண்ணி?"
குடித்தேன். நாற்றம்தான்.
அவர் பார்வை மட்டும் மேசையில் கிடந்த
முட்டை அட்டையின் மிச்சப் புட்டிகள்மேலேயே இருந்தது.
கடைசியில் ஒன்றை எடுத்து
மூடியைத் திருகத் தொடங்கினார்.

"உட்பக்கம் விரல் படாம, சார்" என்றேன்.